இராமானுஜனும் பதின்மூன்று இலக்க எண்ணும்



கணித மேதை சீனிவாச இராமானுஜனைப் பற்றி நம் எல்லோருக்கும் கொஞ்சம் தெரியும். அவர் பிறந்த டிசம்பர் 22-ஐ 2012-ஆம் ஆண்டிலிருந்து தேசிய கணித தினமாகக் கொண்டாடுகிறோம். அவரைப் பற்றிப் பேசச் சொன்னால் எல்லோரும் 1729-ஐத்தான் சொல்வோம். நான் இந்தத் தாளில் வேற ஒரு எண்ணைச் சொல்லப் போறேன். அந்த எண் இதுதான்:

6746328388800

நம்ம முறையில் புள்ளி வைத்தால் 67,46,32,83,88,800. வாயால் படிக்கணும்னா ஆறு லட்சத்து எழுபத்து நாலாயிரத்து அறுநூற்று முப்பத்திரண்டு கோடியே எண்பத்து மூன்று லட்சத்து எண்பத்தெட்டாயிரத்து எண்ணூறு. ஒரு நொடிக்கு ஒண்ணுன்னு ராத்திரி பகலா எண்ணினால்கூட முடிக்க ரெண்டு லட்சம் வருஷத்துக்கு மேல ஆகும். இந்த எண்ணை இராமானுஜன் 1915-இல் ஒரு அட்டவணையின் கடைசி வரிசையில் எழுதினார். ஏன் எழுதினார் என்று தெரிய வேண்டுமானால் அவர் வாழ்க்கையை முதலில் இருந்து பார்க்க வேண்டும்.

சிலேட்டும் முழங்கையும்

இராமானுஜன் 1887-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் தேதி ஈரோட்டில் அவருடைய அம்மாவைப் பெத்தவங்க வீட்டில் பிறந்தார். அப்பா பெயர் சீனிவாசய்யங்கார். கும்பகோணத்தில் ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதும் வேலை. அம்மா கோமளத்தம்மாள். கும்பகோணம் சாரங்கபாணி சன்னதித் தெருவில் சின்ன வீடு. அந்த வீடு இப்பவும் நினைவு இல்லமாக இருக்கிறது.

1897-இல் தொடக்கப் பள்ளித் தேர்வில் மாவட்டத்திலேயே முதலாவதாக வந்தார். பிறகு டவுன் உயர்நிலைப் பள்ளியில் படித்தார். பதினாறு வயது வாக்கில் கார் என்ற ஆங்கிலேயர் எழுதிய ஒரு கணக்குப் புத்தகம் அவர் கைக்கு வந்தது. அதில் ஏறக்குறைய 5000 சூத்திரங்கள் இருந்தன, விளக்கம் ரொம்பக் குறைவு. வேற ஒருத்தரா இருந்தா மூடி வச்சிருப்பாங்க. இராமானுஜன் ஒவ்வொன்றையும் தானே செய்து பார்த்து, புதுசாகவும் கண்டுபிடிக்க ஆரம்பித்தார்.

பேப்பர் வாங்கக் காசு இல்லாததால் சிலேட்டில் கணக்குப் போட்டு, முழங்கையாலேயே அழித்து, மறுபடியும் அதிலேயே எழுதுவாராம். முடிவை மட்டும்தான் நோட்டில் எழுதி வைப்பார். அதனால் அவர் எந்த வழியில் போய் அந்த விடையைக் கண்டுபிடித்தார் என்பது பல இடத்தில் அழிந்து போய்விட்டது. அவருக்கு எல்லாமே தானா வந்துச்சுன்னு பல பேரு நினைக்கிறதுக்கு இதுவும் ஒரு காரணம்னு நான் நினைக்கிறேன். நமக்குக் கிடைச்சது விடை மட்டும்தான். அவர் பட்ட பாடு சிலேட்டோட போச்சு.

மூன்று தடவை தோல்வி

1904-இல் உதவித்தொகையோடு கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்தார். கணக்கைத் தவிர மற்ற பாடத்தைத் தொடவில்லை. ஆங்கிலத்தில் தேறவில்லை, உதவித்தொகை போய்விட்டது. 1905-இல் வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்கு ஓடிப் போனார். 1906-இல் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே உடலியல் பாடம் அவருக்கு வரவே இல்லை. எஃப்.ஏ. தேர்வில் அந்த வருஷமும் தோல்வி, 1907-லும் தோல்வி. அத்தோடு கல்லூரிப் படிப்பு முடிந்தது.

இந்த இடத்தைப் படிக்கும்போது எனக்கு எங்க பெரியம்மா மகள் ஞாபகம் வந்தது. அந்த அக்கா பத்தாம் வகுப்பில் கணக்கில் நல்ல மார்க்கு. இங்கிலீஷில் போயிட்டாங்க. இப்ப பேக்கிங் வேலைக்குப் போறாங்க. எத்தனை பெட்டி, பெட்டிக்கு எத்தனை பாக்கெட்னு கேட்டால் கால்குலேட்டர் இல்லாமல் பட்டுன்னு சொல்லுவாங்க. ஒரு பாடத்தில் தோற்றவர்களுக்கு வேறு பாடத்தில் இருக்கும் திறமையை யாரும் எடுத்து வைத்துப் பார்ப்பதில்லை. இராமானுஜனையும் அப்ப யாரும் பார்க்கவில்லை.

1909-இல் அவருக்குக் கல்யாணம் ஆனது. மனைவி ஜானகிக்கு அப்போது பத்து வயசு. நம்ம பள்ளியில் ஐந்தாம் வகுப்புப் படிக்கிற தங்கச்சிகள் வயசு. அந்தக் காலத்தில் அப்படி நடந்தது. இன்றைக்குப் பதினெட்டு வயதுக்கு முன்னால் செய்தால் சட்டப்படி குற்றம்.

கல்யாணம் ஆனதும் வேலை தேட வேண்டியதாயிற்று. நோட்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெரிய மனிதராகப் போய்ப் பார்த்தார். இந்தியக் கணிதச் சங்கத்தைத் தொடங்கிய இராமசாமி ஐயரை 1910-இல் திருக்கோவிலூரில் பார்த்தார். நெல்லூர் கலெக்டர் இராமச்சந்திர ராவ் கொஞ்ச நாள் மாதாமாதம் பணம் கொடுத்து உதவினார். 1911-இல் முதல் கட்டுரை அச்சில் வந்தது. 1912 மார்ச் 1-ஆம் தேதி சென்னைத் துறைமுகக் கழகத்தில் 30 ரூபாய் சம்பளத்துக்குக் குமாஸ்தா ஆனார்.

1913 ஜனவரி 16-இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் இருந்த பேராசிரியர் ஹார்டிக்குத் தன் சூத்திரங்களை எழுதிக் கடிதம் போட்டார். ஹார்டி படித்து அசந்து போய், இவரை வரவழைக்க ஏற்பாடு செய்தார். கடல் தாண்டக் கூடாது என்று கட்டுப்பாடு இருந்த குடும்பம். அதையும் மீறி 1914 மார்ச் 17-இல் சென்னையில் கப்பல் ஏறினார்.

பேக்கிங் கணக்கு

இனிமேல் நம்ம எண்ணுக்கு வருவோம். நம்ம ஆனைக்குட்டத்திலும் சுத்துப்பட்டு ஊர்களிலும் அம்மாமார்கள் பட்டாசு ஆலைக்கும் தீப்பெட்டி ஆபீசுக்கும் போறாங்க. அதனால இந்தக் கணக்கு மத்த ஊர்ப் பிள்ளைகளை விட நமக்குச் சீக்கிரம் புரியும்.

12 பாக்கெட்டை ஒரு பெட்டியில் அடுக்கணும். ஆறு ஆறா ரெண்டு வரிசை வைக்கலாம், நாலு நாலா மூணு வரிசை வைக்கலாம். 13 பாக்கெட் கொடுத்தால் ஒரே நீள வரிசைதான், வேற வழி இல்லை. காரணம், 12-க்கு 1, 2, 3, 4, 6, 12 என்று ஆறு காரணிகள். 13 பகா எண், ரெண்டே காரணி. 12-க்குக் கீழே எந்த எண்ணை எடுத்தாலும் ஆறு காரணி கிடையாது. நாலுக்கு மேல் போகாது.

இப்படி, தனக்குக் கீழே உள்ள எல்லா எண்ணையும் விட அதிகக் காரணி உள்ள எண்ணுக்கு இராமானுஜன் ஒரு பெயர் வைத்தார். தமிழில் உயர் பகு எண் என்று சொல்லலாம். 1, 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120 என்று அது போகும். 24 மணி நேரம், 60 நிமிடம் என்பதெல்லாம் இந்த வரிசையில் இருப்பவைதான். பாதி, மூணில் ஒண்ணு, காலே என்று எப்படிப் பிரித்தாலும் மீதி வராது.

தீப்பெட்டிக் கணக்கில் ஒரு குரோஸ் என்றால் 144. அது இந்த வரிசையில் வருமா என்று போட்டுப் பார்த்தேன். வராது. 144-க்கு 15 காரணி. அதைவிடச் சின்ன 120-க்கே 16 காரணி இருக்கிறது. 1729-க்கு எட்டே எட்டுக் காரணிதான். அதுக்குக் கொஞ்சம் முன்னால் இருக்கிற 1680-க்கு 40 காரணி! ஒவ்வொரு எண்ணும் ஒவ்வொரு விதத்தில் சிறப்பு.

எண்ணாமலே எண்ணும் வழி

காரணிகளை ஒவ்வொன்றாக எழுதி எண்ண வேண்டியதில்லை. பகாக் காரணிப்படுத்தினால் போதும். 24 = 2 × 2 × 2 × 3. இதில் 2 மூன்று தடவை, 3 ஒரு தடவை. ஒவ்வொன்றோடும் 1 கூட்டினால் 4, 2. பெருக்கினால் 8. சரியாக 24-க்கு 8 காரணிகள். ஏன் 1 கூட்டணும்னா, ஒரு காரணியை உண்டாக்க 2-ஐ எடுக்காமலும் விடலாம். ஒரு தடவை, ரெண்டு தடவை, மூணு தடவை என்றும் எடுக்கலாம். மொத்தம் நாலு வழி. 3-ஐ எடுக்கலாம், அல்லது விடலாம். ரெண்டு வழி.

இராமானுஜன் இதை வைத்து இந்த எண்கள் எப்படி இருந்தாக வேண்டும் என்று நிரூபித்தார். முதலாவது, சின்னப் பகா எண்ணின் அடுக்கு பெரிய பகா எண்ணின் அடுக்கை விடக் குறையக் கூடாது. 2 × 2 × 3 = 12, 2 × 3 × 3 = 18. ரெண்டுக்கும் ஆறு காரணிதான், ஆனால் 12 சின்னது. அதனால் 18 தோற்றுப் போகும். இரண்டாவது, நடுவில் எந்தப் பகா எண்ணையும் விட்டுத் தாவக் கூடாது. மூன்றாவது, கடைசியாக வரும் பகா எண் ஒரே ஒரு தடவைதான் வரும். 4, 36 என்ற ரெண்டு எண்ணுக்கு மட்டும்தான் இதில் விதிவிலக்கு.

இப்ப நம்ம பெரிய எண்ணைப் பாருங்க. அதில் 2 ஆறு தடவை, 3 நாலு தடவை, 5 ரெண்டு தடவை, 7 ரெண்டு தடவை, 11, 13, 17, 19, 23 ஒவ்வொரு தடவை. ஒவ்வொன்றோடும் 1 கூட்டிப் பெருக்கினால்

7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2 × 2 = 10080

பத்தாயிரத்து எண்பது காரணிகள்! இதுக்குக் கீழே இருக்கிற லட்சக்கணக்கான கோடி எண்களில் எதற்கும் இத்தனை காரணி கிடையாது. 1 முதல் 28 வரை எந்த எண்ணால் வகுத்தாலும் மீதி வராது. 29-இல்தான் முதன்முதலாக மாட்டும்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. 10080-க்கு 72 காரணி. 72-க்கு 12 காரணி. 12-க்கு 6. 6-க்கு 4. 4-க்கு 3. 3-க்கு 2. பதின்மூன்று இலக்கத்தில் கிளம்பி ஏழே படியில் 2-இல் வந்து நிற்கிறது.

அட்டவணையில் விட்டுப்போன எண்

இராமானுஜன் இந்தக் கட்டுரையை 1915-இல் இலண்டன் கணிதச் சங்கத்தின் இதழில் வெளியிட்டார். 63 பக்கம். அதில் 1-க்கு மேல் தொடங்கி நம்ம 6746328388800 வரை 102 உயர் பகு எண்களை அட்டவணையாகக் கொடுத்தார். அப்போது கம்ப்யூட்டர் கிடையாது. எல்லாம் கையால் போட்டது.

ஆனால் அந்த அட்டவணையில் ஒரே ஒரு எண் விட்டுப்போனது. அது 2,93,31,86,25,600. அதற்கு முன்னால் வரும் 1,95,54,57,50,400-க்கு 4608 காரணி. பின்னால் வரும் 3,21,25,37,32,800-க்கு 5376 காரணி. நடுவில் இருக்க வேண்டிய இதற்கு 5040 காரணி. அவர் இதைத் தாண்டிப் போய்விட்டார்.

இதைக் கணக்கு டீச்சர் சொன்னதும் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. நானும் என் தோழியும் மதிய இடைவேளையில் சாக்பீஸ் எடுத்து வராண்டாவில் போட்டுப் பார்த்தோம். விட்டுப்போன எண்ணை 23-ஆல் பெருக்கினோம். 20 மடங்கு 5866372512000. மூணு மடங்கு 879955876800. கூட்டினால் 6746328388800! அட்டவணையின் கடைசி எண்ணில் இருந்து 23 என்ற ஒரு காரணியை எடுத்துவிட்டால் வருவதுதான் விட்டுப்போன எண். அதனால்தான் காரணிகளும் சரிபாதி, 10080-இல் பாதி 5040. கடைசிப் படியில் கால் வைத்தவர், அதைத் தாங்குகிற படியை எழுத மறந்துட்டார்.

இதைச் சொல்வது அவரைக் குறை சொல்ல இல்லை. எனக்கு இதுக்கப்புறம்தான் அவரை ரொம்பப் பிடித்தது. கனவில் தெய்வம் வந்து சொல்லி எழுதினார், பிறவியிலேயே மேதை என்று கேட்கும்போது, சரி, அது நமக்கு இல்லை என்று ஒதுங்கிவிடத் தோன்றும். இந்த அட்டவணை அப்படி இல்லை. குளிரில் உட்கார்ந்து ஒரு மனுஷன் ஒவ்வொரு எண்ணாகப் பெருக்கி, ஒப்பிட்டு, வரிசைப்படுத்தியிருக்கிறார். 102 சரியாகப் போட்டார், ஒன்று கை தவறிவிட்டது. அவர் செய்ததை ஒன்பதாம் வகுப்புக் கணக்கை வைத்து நாமளே சரிபார்க்க முடிகிறது.

கிடைத்த பட்டம்

இந்தக் கட்டுரைக்காகத்தான் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் 1916 மார்ச் மாதம் அவருக்கு ஆராய்ச்சி வழியில் பி.ஏ. பட்டம் கொடுத்தது. எஃப்.ஏ.யில் திரும்பத் திரும்பத் தோற்றவருக்குக் கிடைத்த பட்டம். இங்கே தேர்வுத்தாளில் கேட்காததை அங்கே ஒருவர் கேட்டார், அவ்வளவுதான் வித்தியாசம்.

அப்போது முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. கணிதச் சங்கத்துக்குப் பணத் தட்டுப்பாடு. அதனால் அந்தக் கட்டுரையின் மீதிப் பகுதியை அச்சிட முடியவில்லை. அது ஆராய்ச்சி இதழில் வந்தது 1997-இல்தான். அவர் இறந்து 77 வருஷம் கழித்து!

போரினால் சைவ உணவு கிடைப்பது சிரமமானது. குளிரும் தனிமையும் சேர்ந்தன. 1917-இல் நோய் வந்து மருத்துவமனைகளிலேயே நாள் போனது. 1918-இல் இராயல் சொசைட்டியின் உறுப்பினர் ஆனார், அதே வருஷம் டிரினிட்டி கல்லூரியின் ஃபெல்லோ ஆனார். 1919 மார்ச்சில் ஊர் திரும்பினார். படுக்கையில் இருந்தபடியே புதுக் கணக்குகளை எழுதினார். 1920 ஏப்ரல் 26-இல் சென்னை சேத்துப்பட்டில் காலமானார். வயது 32.

கடைசிக் காலத்தில் கூட இருந்து பார்த்துக்கொண்டவர் ஜானகி அம்மாள். அப்போது அவருக்கு 21 வயசு. அதன் பிறகு தையல் கற்றுக்கொண்டு, திருவல்லிக்கேணியில் துணி தைத்துத் தன் காலில் நின்றார். 1994 வரை வாழ்ந்தார். கணவர் கடைசியாக எழுதிய தாள்கள் கேம்பிரிட்ஜ் நூலகத்தில் ஒரு பெட்டியில் கிடந்து, 1976-இல் ஆண்ட்ரூஸ் என்ற அமெரிக்கப் பேராசிரியர் கண்ணில் பட்டன. அதையும் அந்த அம்மா உயிரோடு இருக்கும்போதே உலகம் கொண்டாடியது. இராமானுஜனைப் பற்றிப் பேசும்போது நாம் அவரையும் சேர்த்து நினைக்க வேண்டும்.

நான் சொல்ல நினைத்தது

ஒரு பாடத்தில் தோற்றால் படிப்பே வராது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அதே சமயம், இராமானுஜனே ஃபெயில்தானே என்று சொல்லிப் புத்தகத்தை மூடி வைப்பதும் தப்பு. அவர் தோற்ற பிறகுதான் அதிகமாக உழைத்தார். நான் இந்த எண்ணைப் பெரியம்மா மகளிடமும் காட்டினேன். 23-ஆல் பெருக்குவதை அக்கா மனசிலேயே பாதி வரைக்கும் போட்டுட்டாங்க. துணைத்தேர்வுக்கு எப்ப பணம் கட்டணும்னு என்கிட்ட கேட்டாங்க. தலைமை ஆசிரியர் அறையில் விசாரித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறேன்.

உங்களுக்கு மூன்று கேள்விகள்:

1. 100-க்குள் எத்தனை உயர் பகு எண்கள் உள்ளன? (1-ஐயும் சேர்க்கவும்.)
2. 360-க்கு எத்தனை காரணிகள்?
3. 1-க்குப் பிறகு வரும் உயர் பகு எண்களில் ஒற்றைப்படை எண் ஏன் ஒன்றுகூட இல்லை?

விடையைத் தாளில் எழுதிப் பெயர், வகுப்பு போட்டு, இந்தச் சுவர்ப் பத்திரிகைக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கும் பெட்டியில் போடவும். சரியான விடை அடுத்த மாதத் தாளில் வரும்.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி,
ஆனைக்குட்டம்.